அக்கா மடிக்காத போர்வை

என் அக்காவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டின் உறையை இழுத்து நேராக்கிக்கொண்டே வருவாள். யார் வீட்டுக்காவது போனால், அவர்கள் டீ போட உள்ளே போய்த் திரும்புவதற்குள் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, தலையணைகள் வரிசையில் நிற்கும். என் தோழி ஒருத்தி, "உங்க அக்கா வந்துட்டுப் போனா என் வீடே எனக்கு அடையாளம் தெரியல" என்று சொன்னாள். அது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் நான்கு மாடி விடுதியில் அவளுக்குப் படுக்கை போடுகிற வேலை. மூன்றாவது மாடியின் பதினாறு அறைகளும் அவள் பொறுப்பு. அத்தானின் பழைய சட்டையை உடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டு காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். விரிப்பை உதறி, மெத்தைக்கு அடியில் செருகி, மூலையைக் கடித உறை போல மடித்து, முழங்கையால் ஒரே இழுப்பில் சுருக்கம் எடுப்பாள். தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்கக் கூடாது. துண்டு மூன்றாக மடிந்திருக்க வேண்டும். இப்படிப் பதினொரு வருடம். அவள் மகள் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அம்மா இதுவரை போட்ட படுக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது என்றாள். அக்கா நம்பவில்லை. இன்னும் கூட இருக்கும் என்றாள்.

இத்தனை படுக்கை போட்டவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியில் கேட்டால் குடும்பத்தோடு கடல் பார்க்க வேண்டும் என்பாள். அது ஊருக்குச் சொல்வது. உண்மையை என்னிடம்தான் சொன்னாள், அதுவும் துவைத்த துணியின் இரண்டு முனையை நானும் இரண்டு முனையை அவளும் பிடித்து உதறிக்கொண்டிருந்தபோது.

"ஒரே ஒரு நாள்டி. ஏதாவது ஒரு லாட்ஜ்ல காசு கொடுத்துத் தங்கணும். காலைல எழுந்து, போட்டது போட்டபடி விட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போய்க்கிட்டே இருக்கணும். பின்னாடி வேற ஒருத்தி வந்து சரி பண்ணட்டும்."

சொல்லிவிட்டு, நான் மடித்த பக்கம் கோணலாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி மடித்தாள்.

எங்கள் வீடு இரண்டு அறை, ஐந்து பேர். அக்கா, அத்தான், பதின்மூன்று வயதுப் பெரியவள், ஒன்பது வயதுச் சின்னவன், அப்புறம் கல்யாணமாகாத நான். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பள்ளி விடுமுறை விட்டால் அவருக்குப் பாதிச் சம்பளம்தான். ஆக, காசு இருக்கும் மாதங்களில் லீவு இருக்காது, லீவு வரும்போது காசு இருக்காது. கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். எங்கள் கணக்குக்கு அது மூன்று வருடமாக இருந்தது.

சேமிப்புக்கு அக்கா வங்கி பக்கம் போகவில்லை. போட்டால் எடுப்பது சுலபமாகிவிடும் என்பது அவள் கட்சி. விடுதியில் கிழிசல் என்று கழித்துவிட்ட ஒரு தலையணை உறையைக் கேட்டு வாங்கி வந்தாள். அதன் வாயைத் தைத்து, நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு, அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தாள். உள்ளே போடலாம். எடுக்க வேண்டுமென்றால் தையலைப் பிரிக்க வேண்டும். அந்தத் தையலை அவளைத் தவிர வேறு யாரும் மறுபடி அதே மாதிரி போட முடியாது. அத்தான் ஒரு தடவை, ஒரே வாரத்தில் திருப்பி வைத்துவிடுவதாகச் சொல்லி அதன் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். அக்கா கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வைத்து நகம் வெட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, எங்கள் வீட்டில் அதைக் கொஞ்சம் ரசனையோடு செய்தோம். எதை நிறுத்தினாலும் அதற்குக் கடல் பெயர் ஒன்று வந்துவிடும். டீயில் பால் குறைந்தால், அது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. அத்தான் முடிவெட்டுவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டால், அது ஒரு வேளைச் சாப்பாடு. நான் கடைக்கு நடந்து போனால், அது குளிக்க வெந்நீர். சின்னவனுக்கு மட்டும் வேறு எதுவும் வேண்டாம், படகு வேண்டும். வாரம் ஒரு முட்டை அவனுக்கு உண்டு. தட்டில் முட்டையைப் பார்த்ததும், "இது படகும்மா" என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவான். அவித்த முட்டையை உறைக்குள் போட முடியுமா? வீணாகக் கூடாதென்று அத்தான் அதைச் சாப்பிட்டுவிடுவார். இப்படி அவர் ஏழெட்டுப் படகைச் சாப்பிட்ட பிறகுதான் முட்டை வாங்குவதையே நிறுத்தினால்தான் மிச்சம் என்பது எங்கள் மண்டையில் உறைத்தது.

முதல் வருடம் தலையணை ஓரளவு பருத்து வந்தபோது குளிர்சாதனப் பெட்டி மண்டையைப் போட்டது. அக்கா தையலைப் பிரித்தாள். இரண்டாம் வருடம் சின்னவன் மதிலிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டான். மறுபடி பிரித்தாள். மூன்றாம் வருடம் எதுவும் உடையவில்லை, ஆனால் அக்காவே ஒரு தப்புச் செய்தாள். ஓர் அறையில் தங்கியிருந்த வியாபாரி தன் பெட்டியைக் காரிலேயே வைத்திருந்தார். காலையில் வெளியே போயிருந்தார். அறையில் ஒரு சாமானும் இல்லாததைப் பார்த்து, ஆள் காலி செய்துவிட்டார் என்று நினைத்து, அக்கா படுக்கையை மாற்றி, நோட்டில் அந்த அறைக்கு நேரே 'தயார்' என்று எழுதிவிட்டாள். கீழே அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரி திரும்பி வந்து ஆடிய ஆட்டத்தில் நான்கு மாடியும் அதிர்ந்ததாம். அக்காவுக்கு நான்கு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "படகு மட்டும் இல்லடா கண்ணா, மத்ததெல்லாம் உண்டு" என்றாள். அவன் பரவாயில்லை என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நான் நடந்து மிச்சம் பிடித்த காசையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு இரவு தங்குவதாகப் பேச்சு. கடற்கரைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் மலிவான ஒரு விடுதி. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் பன்னிரண்டாம் எண் அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவரும் தண்ணீர் மோட்டாரும் தெரியும். அக்கா தொழில் தெரிந்தவள் என்பதால், முதல் நாள் வாடகையை மட்டும் கட்டினாள். தண்ணீர் சரியாக வராவிட்டால் வேறு இடம் பார்க்கலாம், இரண்டாம் நாளுக்கு மறுநாள் மாலையில் கட்டிக்கொள்ளலாம் என்று எங்களுக்கு ரகசியமாகப் பாடம் நடத்தினாள். உள்ளே நுழைந்ததும் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். தலையணை வாய் கதவைப் பார்த்து இருந்தது. "இந்த ஊர் வழக்கம் போலிருக்கு" என்று பெரிய மனசோடு மன்னித்தாள்.

படுப்பதற்கு முன் எல்லாருக்கும் எச்சரிக்கை கொடுத்தாள். காலையில் எழுந்ததும் ஒருவரும் எதையும் தொடக் கூடாது. போர்வை தரையில் கிடந்தாலும் தாண்டிப் போக வேண்டும். நாங்கள் நான்கு பேரும் தலையாட்டினோம்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், கட்டில் மழமழவென்று இருக்கிறது. நான்கு மூலையும் கடித உறை. தலையணை வாய் கதவுக்கு எதிர்ப்புறம். துண்டு மூன்றாக. குளியலறைத் தரை கழுவித் துடைக்கப்பட்டிருக்கிறது, குப்பைக் கூடை காலி. எங்கள் பைகளைக்கூட அலமாரிக்குள் அடுக்கிச் சாத்திவிட்டாள், இரண்டு அறை வீட்டில் பகலில் எதுவும் வெளியே கிடக்கக் கூடாது என்ற பழக்கம். அவளை மட்டும் சொல்வானேன். அத்தானும் பிள்ளைகளும் தரையில் விரித்துப் படுத்த போர்வைகளைத் தாங்களாகவே மடித்து அடுக்கியிருந்தார்கள். அவள் வளர்ப்பு.

"என்னக்கா, போட்டது போட்டபடின்னு சொன்னே?" என்றேன்.

அக்கா கட்டிலைப் பார்த்தாள். வேறு யாரோ வந்து செய்துவிட்டுப் போனதுபோல் பார்த்தாள். "கை போயிடுச்சுடி" என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் நாளைக் காலை இருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அத்தான் அறைச் சாவியைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு வந்தார். தொலைந்தால் அபராதம் என்று சுவரில் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து அவருக்கு அந்தச் சாவி பையில் இருப்பதே பயமாக இருந்தது.

கடலை நான் வர்ணிக்கப் போவதில்லை, எல்லாருக்கும் தெரிந்த கடல்தான். நாங்கள்தான் தெரியாத மாதிரி நடந்துகொண்டோம். அத்தான் வேன் பழக்கத்தில் நொடிக்கொரு தடவை தலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஆறு வந்துவிட்டது. பதறிப்போய் மறுபடி எண்ணினால், வேறு யாரோ வீட்டுப் பையன் எங்கள் கூட்டத்தில் சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தான். அக்கா முழங்கால் வரை தண்ணீரில் நின்று, ஒரு பெரிய அலை வந்து முகத்தில் அடித்ததும், வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அப்புறம் உட்காருவதற்கு முன் முழங்கையால் மணலைச் சுருக்கமெடுத்தாள். பெரியவள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான்கு மணிக்கு உப்பும் மணலுமாகத் திரும்பி வந்தபோது சாவி கவுண்டரில் இல்லை. அறையைச் சுத்தம் செய்யத் திறந்திருப்பார்கள் என்று நினைத்து, போய்ப் பன்னிரண்டாம் அறைக் கதவைத் தள்ளினோம். உள்ளே ஒரு பருமனான மனிதர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். கட்டில் மேல் இரண்டு குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தன. ஒரு கணம் அறை மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினோம். சாத்திய கதவின் மேல் பன்னிரண்டு என்றுதான் இருந்தது.

கவுண்டரில் மேனேஜர் திருதிருவென விழித்தார். எங்கள் பைகள் அவர் நாற்காலிக்குப் பின்னால் கிடந்தன. புதிதாக வந்தவர்கள் அலமாரியைத் திறந்தபோது கிடைத்ததாம், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்து வைத்திருந்தார். நாங்கள் காலையிலேயே காலி செய்துவிட்டதாகத்தான் நோட்டில் இருக்கிறது என்றார். சாவியும் கவுண்டரில் இருந்தது, ஒரு நாள் வாடகைதான் கட்டியிருந்தது, அறையும் தயார் என்று எழுதி வந்துவிட்டது, அவர் வேறு என்ன நினைப்பார்? விடுமுறைக் கூட்டம், வேறு அறையும் இல்லை.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போடுவது அக்காவுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதினொரு வருடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட வசனமெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. மரியாதை தெரியுமா, காசு என்ன மரத்திலா காய்க்கிறது, உங்க முதலாளியைக் கூப்பிடுங்க என்று ஒன்று விடாமல் எடுத்து வீசினாள். கோபம் நிஜம்தான், ஆனால் அதற்குள் ஒரு பூரிப்பும் இருந்ததை நான் கவனித்தேன். அத்தான் நாலடி தள்ளி நின்று எங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கடைசியில் நோட்டைப் புரட்டி, பன்னிரண்டுக்குத் தயார் என்று எழுதியது யார் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

படிக்கட்டில் ஒரு பெண் இறங்கி வந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். உடுப்புக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கை மடித்துவிட்டது. ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு நின்றாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம்.

"ரூம் சுத்தமா இருந்துச்சு சார். பாத்ரூம்கூடக் கழுவியிருந்துச்சு. எனக்கு முன்னாடி நம்ம ஆளு யாரோ வந்து முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். தங்க வர்றவங்க யாரும் அப்படி மூலை மடிக்க மாட்டாங்க சார்."

அலமாரியைத் திறந்து பார்த்தாயா என்று மேனேஜர் கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். அவர் சத்தம்கூடப் போடவில்லை. ஒரு வாரச் சம்பளம் கிடையாது என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். அந்தப் பெண் சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் குரல் அப்படியே நின்றுபோனது. அவள் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் சம்பளம் பிடித்த அன்று அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்து அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தப்பு இவங்க மேல இல்ல சார். காலைல போகும்போது, ரூமைக் காலி பண்றோம்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன். நாள் கணக்கு தப்பாயிடுச்சு. ஒரு ராத்திரின்னே நெனச்சுட்டேன்."

மேனேஜர் பைகளைக் காட்டினார். காலி செய்கிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டா போவார்கள் என்று கேட்டார்.

"மறந்துட்டேன்" என்றாள் அக்கா.

மூன்று வருடமாக இந்த இரண்டு இரவுகளை விரல்விட்டு எண்ணியவள், வீட்டில் ஊசி எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவள், ஐந்து பை, பத்துச் செருப்பு, ஒரு குடை என்று பட்டியல் போட்டுக் கொண்டுவந்தவள், நாலு பேர் முன்னால் மறந்துட்டேன் என்றாள். சின்னவன், "இல்லம்மா, நீ" என்று ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. எழுதப் போனதை விட்டுவிட்டு, வந்தவர் தவறு என்று எழுதிக்கொண்டார். விடுதியில் தங்கும் விருந்தாளியாக அக்காவுக்குக் கிடைத்த முதல் பதிவு அது.

அப்படியானால் வீட்டுக்குப் போகிறோமா என்று பெரியவள் மெதுவாகக் கேட்டாள். அக்கா கவுண்டர் மேல் கிடந்த துணியை நேராக்கிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை என்று தேற்றிக்கொண்டாளே, அதையும் அவளே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அப்போது அந்தப் பெண்தான் மேனேஜரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மொட்டைமாடியில் துவைத்த விரிப்புகள் அடுக்கும் அறை இருக்கிறது, மிச்ச மெத்தைகளும் அங்கேதான் இருக்கின்றன, இவர்கள் ஓர் இரவு தங்கினால் என்ன? மேனேஜர் யோசித்தார். பாதி வாடகை என்றார். கூச்சம் என்பதே அவருக்குக் கிடையாது. அக்கா இரண்டு வாளி வெந்நீர் சேர்த்துப் பேசி முடித்தாள்.

மாடி அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தால் கடல். முழுக் கடல். பன்னிரண்டாம் அறைக்காரர்கள் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க எனக்கு அற்ப சந்தோஷம். சுவரெல்லாம் வெள்ளை விரிப்புகள் அடுக்கு அடுக்காக, சோப்பு வாசனையோடு. மூன்று மெத்தைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு அந்தப் பெண் அக்காவுக்குப் படுக்கை விரித்தாள். அக்கா மறுமுனையைப் பிடிக்க எழுந்தாள். உட்காருங்கள் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கை என்ன செய்யும் என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கக்கா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எனக்கு நாலு நாள் புடிச்சாங்க. ஒரு படகு போச்சு" என்றாள் அக்கா.

படகு என்ன கணக்கு என்று அவளுக்குப் புரிந்திருக்காது. மற்றது புரிந்துவிட்டது. "அந்த மூலையைப் பாத்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றாள். விரித்து முடித்ததும் தலையணையைத் திருப்பி, அதன் வாய் கதவைப் பார்க்காதபடி வைத்துவிட்டுப் போனாள்.

மிச்சமான பாதி வாடகையை அக்கா எண்ணிப் பார்த்தாள். சின்னவனைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்து மூடினாள். "இது படகு" என்றாள். அவன் அந்த இடத்திலேயே மெத்தை மேல் குட்டிக்கரணம் போட்டான். படகு காலை ஏழு மணிக்கு, ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான். ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவதாக அக்கா சொன்னாள். அவளுக்குக் கடிகாரம் தேவையில்லை.

காலை ஆறரைக்கு அத்தான் என்னைத் தொட்டு எழுப்பினார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். அவர் குளித்துச் சட்டை போட்டிருந்தார். பெரியவள் தலை வாரியிருந்தாள். சின்னவன் செருப்பு மாட்டி, காசை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் போர்வைக்கு வெளியே, கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தும் அசையவில்லை. வெயில் வந்த பிறகு அவள் தூங்குவதை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவளுக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அத்தான் மகனைப் பார்த்தார். எழுப்பட்டுமா என்று கையால் கேட்டார். அவன் அம்மாவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி அம்மாவைப் பார்த்தான். அப்புறம் குனிந்து செருப்பைக் கழற்றி ஓசையில்லாமல் சுவரோரம் வைத்தான்.

"தூங்கட்டும்ப்பா. படகு அடுத்த தடவை" என்றான்.

அத்தான் அவன் தலையைத் தடவிவிட்டு, வெளியே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். ஏழு மணிக்குப் படகு ஊதிக்கொண்டு கிளம்பியது. சின்னவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது சிறிதாகிச் சிறிதாகிப் புள்ளியாகும் வரை பார்த்தான். எட்டு மணிக்கு விரிப்பு எடுக்க வந்த அந்தப் பெண், கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, வாளியைக் கீழே வைத்து வெளிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா எழுந்தபோது மணி ஒன்பது. எழுந்ததும் முதல் காரியமாக எல்லாரையும் திட்டினாள். மரம் மாதிரி நாலு பேர் நிற்கிறீர்களே, ஒருத்தருக்காவது என்னை உலுக்கத் தோன்றியதா, படகு போச்சே, பிள்ளை எத்தனை முட்டையை விட்டுக்கொடுத்தான் என்று படபடத்தாள். சின்னவன், "நீ குறட்டை விட்டேம்மா" என்றான். அக்கா சத்தியமாக இல்லை என்றாள். நான்கு சாட்சிகள் இருந்தோம், வெளியே படியில் ஐந்தாவது சாட்சி. படகுக் காசு தலையணைக்கே திரும்பும், அடுத்த வருடத்துக்கு அது முதல் காசு என்று முடிவாயிற்று. அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது, மகனை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள்.

பைகள் தயார். கிளம்ப வேண்டியதுதான். அக்கா மெத்தை அருகே வந்தாள். கை தானாகப் போர்வையின் மூலைக்குப் போனது.

"விடுங்கக்கா" என்றாள் வாசலில் நின்ற அந்தப் பெண். "நான் எதுக்கு இருக்கேன்?"

அக்கா சுட்டுக்கொண்டவள் போலக் கையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். கசங்கிய விரிப்பையும் பாதி தரையில் தொங்கிய போர்வையையும் பார்க்காமல் வாசல் வரை நடந்தாள். வாசலில் நின்றாள். திரும்பினாள். விடுவிடுவென்று உள்ளே வந்தாள். போச்சு, மூன்று வருடமும் போச்சு என்று நான் நினைத்தேன்.

ஆனால் அவள் போனது தன் படுக்கைக்கு இல்லை. மூலையில் எங்கள் நான்கு போர்வைகளும் முனைக்கு முனை சேர்த்து மடிக்கப்பட்டு அடுக்காக இருந்தன. காலையில் சத்தம் போடாமல் காத்திருந்த நேரத்தில் நாங்கள் செய்த ஒரே வேலை அது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, அவள் மெத்தை மேல் எப்படி விழுகிறதோ அப்படி வீசினாள். அத்தானின் தலையணையை எடுத்து அதற்கு மேல் எறிந்தாள்.

"சுத்தி இருக்கறது பூரா துவைச்ச துணி. படுத்ததை இப்படி மடிச்சு வச்சா அதோட கலந்துடாது?" என்றாள். அது தொழில் பேச்சு. அடுத்ததைத்தான் அவள் மனதாரச் சொன்னாள். "லீவுல வந்தா எல்லாரும் ஒழுங்கா லீவுல வரணும்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அத்தான் படிக்கட்டில் எங்களை எண்ணினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்கா நின்று, கழுத்தைத் திருப்பாமல், என் கையைப் பிடித்தாள்.

"நான் பாக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். நீ போய்ப் பாத்துட்டு வா. எப்படி இருக்குன்னு சொல்லு."

நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அலங்கோலமா கெடக்குக்கா" என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்த மாதிரி, கடலைப் பார்த்தபோதுகூட மலரவில்லை.